கல்லூரிச் சேர்க்கையில் ஏஐ: விண்ணப்பிக்கும் முன்பே தொடங்கிவிடும் கணக்கு

2025 இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் தன் சேர்க்கை முறையில் ஒரு மாற்றத்தை அறிவித்தது. விண்ணப்பத்தோடு மாணவர்கள் எழுதி அனுப்பும் சிறு கட்டுரைகளை அதுவரை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து மதிப்பெண் போட்டுவந்தார்கள். இனி ஒரு மதிப்பெண்ணை மனிதர் போடுவார், மற்றதை ஏஐ போடும். 12 மதிப்பெண்ணில் இரண்டுக்கும் இடையே 2-க்கு மேல் வித்தியாசம் வந்தால் இன்னொரு மனிதர் படித்துப் பார்ப்பார்.

இப்படி ஒரு செய்தி வந்ததும் மாணவர்களும் பெற்றோரும் கேட்பது ஒன்றுதான்: கல்லூரியில் இடம் கிடைப்பதை இனி கம்ப்யூட்டரா முடிவு செய்யும்? நியாயமான கேள்வி. ஆனால் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. ‘சேர்க்கையில் ஏஐ’ என்ற பெயருக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. கட்டுரை படிக்கும் வேலை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் விவாதம் முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது. விண்ணப்பம் வருவதற்கு முன்பும், இடம் கிடைத்த பின்பும் நடக்கும் கணிப்புகளைப் பற்றிப் பேச்சே இல்லை. அங்கே ஒதுக்கப்படும் மாணவருக்குத் தான் ஒதுக்கப்பட்டதுகூடத் தெரியாது.

எது ஏஐ, எது வெறும் விதிக் கணக்கு

கம்ப்யூட்டர் மூலம் இடம் ஒதுக்கினாலே அது ஏஐ என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று வகைகளைப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும்.

1. விதிப்படி நடக்கும் ஒதுக்கீடு. மாணவர் தன் விருப்பப் பட்டியலைக் கொடுக்கிறார். கல்லூரியிடம் தரவரிசை இருக்கிறது. இரண்டையும் பொருத்தும் முறையை டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள் 1962 இல் வெளியிட்டார்கள். மாணவர் தன் முதல் விருப்பத்தைக் கேட்கிறார். கல்லூரி இருப்பவர்களில் முன்னணியில் உள்ளவர்களைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பியவர் அடுத்த விருப்பத்தைக் கேட்கிறார். யாரும் நகர வேண்டிய தேவை இல்லாத வரை இது தொடர்கிறது. இதில் எந்திரம் எதையும் ‘கற்றுக்கொள்வது’ கிடையாது. தரவரிசையும் பட்டியல்களும் கையில் இருந்தால் காகிதத்தில் போட்டுப் பார்த்தாலும் அதே விடைதான் வரும். தவறு நடந்தால் எந்தப் படியில் நடந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

2. பழைய தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் மாடல். இங்கே விதியை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பல ஆண்டு விண்ணப்பங்களையும் அவற்றின் முடிவுகளையும் கொடுத்துவிட்டால், எந்தத் தகவலுக்கு எவ்வளவு எடை என்பதை மாடலே கணக்கிட்டுக்கொள்கிறது. புதிய விண்ணப்பம் வந்ததும் ‘இவர் சேர வாய்ப்பு 0.37’ என்பதுபோல் ஓர் எண்ணைத் தருகிறது.

3. மொழி மாடல். எழுத்தைப் படித்துச் சுருக்கும், பதில் எழுதும், மதிப்பெண் போடும். சாட்பாட்டுகளும் கட்டுரை படிக்கும் கருவிகளும் இந்த வகை.

முதல் வகையில் ஒருவருக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் காரணம் சொல்லலாம்: உங்களுக்கு முன்னால் இத்தனை பேர் இருந்தார்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அந்தப் பதில் எளிதில் கிடைக்காது. பிரச்சினை தொடங்குவது அங்கிருந்துதான்.

விண்ணப்பத்துக்கு முன்: யாருக்கு அழைப்பு போகிறது

மாணவர்கள் தேடி வருவார்கள் என்று கல்லூரிகள் காத்திருந்த காலம் பல நாடுகளில் முடிந்துவிட்டது. குறிப்பாக அமெரிக்காவில், மாணவர்களைத் தேடிப் பிடிப்பது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. தகுதித் தேர்வு எழுதியவர்களின் பெயர்ப் பட்டியலைக் கல்லூரிகள் காசு கொடுத்து வாங்குகின்றன. அந்தப் பட்டியலில் யார் விண்ணப்பிப்பார், யார் விண்ணப்பித்தாலும் சேரமாட்டார் என்று மாடல் வரிசைப்படுத்துகிறது. மின்னஞ்சலைத் திறந்தாரா, கல்லூரி இணையதளத்தில் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதும் கணக்கில் சேரும். இப்படி வருங்கால மாணவர்களின் இணைய நடமாட்டத்தைக் கண்காணிக்க வெளி நிறுவனங்களை அமர்த்திய குறைந்தது 44 அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றி 2019 இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் எழுதியது.

இதில் என்ன தவறு, விளம்பரம்தானே என்று கேட்கலாம். வீட்டில் தனிக் கம்ப்யூட்டரும் நல்ல இணைய இணைப்பும் உள்ள மாணவர் கல்லூரியின் பக்கங்களை நிதானமாகப் புரட்டுகிறார். இன்னொரு மாணவர் பள்ளி நூலகத்தில் கிடைக்கும் இருபது நிமிடத்தில் கட்டண விவரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார், அல்லது நண்பரின் போனை வாங்கிப் பார்க்கிறார். மாடலுக்கு முதலாமவர் ‘ஆர்வமுள்ளவர்’, இரண்டாமவர் ‘ஆர்வமில்லாதவர்’. வளாகத்தைச் சுற்றிப் பார்க்கும் அழைப்பும், கட்டண விலக்கு பற்றிய கடிதமும், அலுவலர் ஒருவரின் தொலைபேசி அழைப்பும் முதலாமவருக்குப் போகின்றன.

நிராகரிப்புக் கடிதம் வந்தவர் குறைந்தபட்சம் முறையிடவாவது முடியும். அழைக்கப்படாதவர் எதை எதிர்த்து முறையிடுவார்? தனக்கு வராத கடிதத்தைப் பற்றி அவருக்குத் தெரியவே போவதில்லை. கல்லூரியின் புள்ளிவிவரத்திலும் அவர் இருக்கமாட்டார், ஏனென்றால் அவர் விண்ணப்பிக்கவே இல்லை.

இடம் கிடைத்த பின்: சாட்பாட் நன்றாகச் செய்த ஒரு வேலை

ஏஐயைப் பற்றிய கவலைகளை அடுக்குவதற்கு முன், அது உண்மையிலேயே உதவிய ஓர் இடத்தைச் சொல்வது நியாயம்.

அமெரிக்காவில் ‘கோடைக் கரைவு’ என்று பொருள்படும் ஒரு சொல் புழக்கத்தில் உண்டு. இடம் கிடைத்து, சேர்கிறேன் என்று உறுதியும் சொன்ன மாணவர்களில் ஒரு பகுதியினர் வகுப்பு தொடங்கும்போது வந்து சேர்வதில்லை. மனம் மாறியவர்கள் சிலர்தான். நிதி உதவிப் படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கும், தடுப்பூசிச் சான்று கேட்டிருப்பார்கள், கடன் விண்ணப்பம் பாதியில் நிற்கும், யாரைக் கேட்பது என்று தெரியாது. வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆளுக்கு இந்த மூன்று மாதம்தான் பெரிய கண்டம்.

ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2016 இல் இதற்காக ‘பவுன்ஸ்’ என்ற சாட்பாட்டைக் குறுஞ்செய்தி வழியாக இயக்கியது. அந்த ஒரு கோடையில் மட்டும் மாணவர்களின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு அது பதில் சொன்னது. முக்கியமான விஷயம், அதை முறையாகச் சோதித்தும் பார்த்தார்கள். மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு குழுவுக்கு மட்டும் சாட்பாட்டைக் கொடுத்தார்கள். அந்தக் குழுவில் உரிய நேரத்தில் சேர்ந்தவர் விகிதம் 3.3 சதவீதப் புள்ளி அதிகமாக இருந்தது. கரைந்துபோவோர் எண்ணிக்கையில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குறைவு.

இது ஏன் பலித்தது? சாட்பாட் யாரையும் மதிப்பிடவில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் எந்தப் படிவம் பாக்கி என்று பல்கலைக்கழகப் பதிவேட்டிலிருந்து தெரிந்துகொண்டு அதை மட்டும் நினைவூட்டியது. இரவு 11 மணிக்குக் கேட்டாலும் பதில் வந்தது. அதற்குத் தெரியாத கேள்வி அலுவலரிடம் போனது. தவறாகப் பதில் சொன்னாலும் திருத்திக்கொள்ள நேரம் இருந்தது, யாருக்கு இடம் என்பதை அது முடிவு செய்யவில்லை. ஏஐயை எங்கே வைக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இன்றைய மொழி மாடல் சாட்பாட்டுகளுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை தேவை. பவுன்ஸ் வகை சாட்பாட் முன்கூட்டியே தயாரித்த பதில்களிலிருந்து எடுத்துக் கொடுத்தது. புதியவை வாக்கியத்தைத் தாங்களே உருவாக்குகின்றன. இல்லாத கடைசித் தேதியையும் அவை உறுதியான தொனியில் சொல்லிவிடும். தேதி, கட்டணம், தகுதி ஆகிய மூன்றையும் சாட்பாட் சொன்னதை நம்பி முடிவு செய்யாமல் கல்லூரியின் அதிகாரபூர்வ அறிவிப்போடு ஒப்பிட வேண்டும்.

உதவித்தொகைக் கணக்கு: விரும்பியவருக்குக் குறைவு

அதே காலகட்டத்தில், அதே மாணவரைப் பற்றி இன்னொரு மாடல் இன்னொரு கணக்கைப் போடுகிறது. இது அவ்வளவு நல்ல செய்தி அல்ல.

ஆயிரம் இடத்துக்கு ஆயிரம் பேரை மட்டும் தேர்ந்தெடுத்தால் எல்லோரும் வரமாட்டார்கள். எத்தனை பேருக்கு இடம் கொடுத்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று கணிப்பது பழைய வழக்கம்தான். ஏஐ அதை ஆள்வாரியாக ஆக்கியது. இவருக்குக் கட்டணத்தில் கால் பங்கு சலுகை கொடுத்தால் சேர எவ்வளவு வாய்ப்பு, மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் எவ்வளவு என்று ஒவ்வொரு தொகைக்கும் ஒரு கணிப்பு கிடைக்கிறது. கல்லூரியின் வருமானம் அதிகபட்சம் ஆகும்படி உதவித்தொகையைப் பிரித்துக் கொடுப்பது அடுத்த படி.

இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். மதிப்பெண் ஒன்றே. ஒருவர் இந்தக் கல்லூரியைத் தவிர வேறெதையும் நினைத்துப் பார்க்காதவர். மூன்று முறை வளாகத்துக்கு வந்திருக்கிறார், எல்லா மின்னஞ்சலையும் படித்திருக்கிறார், வீடும் பக்கத்தில். இன்னொருவருக்கு ஐந்து கல்லூரிகள் காத்திருக்கின்றன. முதலாமவர் உதவி இல்லாவிட்டாலும் எப்படியாவது கடன் வாங்கிச் சேர்ந்துவிடுவார் என்று மாடல் சரியாகவே கணிக்கிறது. ஆகவே பணம் இரண்டாமவருக்குப் போகிறது.

கணிப்பில் தவறே இல்லாதபோதும் அநியாயம் நடக்க முடியும் என்பதற்கு இது உதாரணம். ‘மாடல் துல்லியமானது’ என்று சொல்லி இதை நியாயப்படுத்த முடியாது, துல்லியம்தான் இங்கே பாதிப்புக்கே காரணம். ஏழை மாணவருக்குப் படிக்க உதவுவதற்கு இருந்த பணம், தயங்குபவரை இழுக்கும் தள்ளுபடியாக மாறிவிடுகிறது. தேவைக்கு அதிகமாகக் கடன் வாங்கிச் சேர்ந்த மாணவர் படிப்பைப் பாதியில் நிறுத்தும் ஆபத்தும் கூடுகிறது. சேர்ந்த எண்ணிக்கையை மட்டும் கணக்கிடும் மாடலுக்கு அது தெரியாது. எதைப் பெருக்கச் சொன்னோமோ அதை அது பெருக்கிக் கொடுத்துவிட்டது.

மதிப்பிடும் மாடல் எதைக் கற்றுக்கொள்கிறது

இனி எல்லோரும் அஞ்சும் இடத்துக்கு வருவோம்: யாரைச் சேர்ப்பது என்ற தேர்வு. பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

லண்டனின் செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவப் பள்ளிக்கு ஆண்டுக்குச் சுமார் 2,500 விண்ணப்பங்கள் வந்தன. நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்று வடிகட்ட 1970களின் இறுதியில் ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதப்பட்டது. தேர்வுக் குழு முன்பு எப்படி முடிவெடுத்ததோ அதே மாதிரி முடிவெடுக்க வேண்டும் என்பதே நோக்கம். மனிதர்களின் முடிவோடு 90 முதல் 95 சதவீதம் ஒத்துப்போகும் வரை அதைச் சீர்செய்தார்கள். 1982 முதல் முதல்கட்ட வடிகட்டல் முழுவதும் அதனிடம் போனது. 1988 இல் வெளியான பிரிட்டனின் இனச் சமத்துவ ஆணைய விசாரணை அறிக்கையில், ஐரோப்பியர் அல்லாதவர் போன்ற பெயர் கொண்டவர்களுக்கும் பெண்களுக்கும் அந்த நிரல் புள்ளிகளைக் குறைத்தது தெரியவந்தது. ஆண்டுக்கு 60 பேர் வரை இதனால் நேர்காணலை இழந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள்.

நிரல் புதிதாக ஒரு பாகுபாட்டைக் கண்டுபிடிக்கவில்லை. குழுவின் மனதில் இருந்ததை அப்படியே நகல் எடுத்தது. சொல்லப்போனால், லண்டனின் பெரும்பாலான மருத்துவப் பள்ளிகளைவிட அங்கே ஐரோப்பியர் அல்லாத வம்சாவளி மாணவர்கள் அதிகமாகவே இருந்தார்கள். மற்ற இடங்களில் அதே பாகுபாடு எழுத்தில் இல்லாமல் மனிதர்களின் மனதில் இருந்தது. இங்கே அது நிரலில் இருந்ததால் அகப்பட்டது. யாரோ ஒருவர் நிரலைத் திறந்து, இந்த வகைப் பெயருக்கு இத்தனை புள்ளி குறைவு என்று படிக்க முடிந்தது. இன்றைய மாடல்களில் அப்படி ஒரு வரி இருக்காது. ஆயிரக்கணக்கான, சில மாடல்களில் கோடிக்கணக்கான எடைகளுக்குள் அது கரைந்திருக்கும்.

ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறை 2013 முதல் ‘கிரேட்’ என்ற மாடலைப் பயன்படுத்தியது. முனைவர் பட்ட விண்ணப்பங்களுக்கானது. முந்தைய குழுக்களின் ஏற்பு, நிராகரிப்பு முடிவுகளே அதன் பயிற்சித் தரவு. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் மனிதர் ஒருவராவது பார்த்தார் என்றாலும், எதை முழுமையாகப் படிப்பது, எதை மேலோட்டமாகப் பார்ப்பது என்பதை மாடலின் எண் வழிநடத்தியது. படிக்கும் நேரம் 74 சதவீதம் குறைந்ததாக உருவாக்கியவர்கள் எழுதினார்கள். பரிந்துரைக் கடிதத்தில் ‘மிகச் சிறந்த’, ‘விருது’, ‘ஆராய்ச்சி’ போன்ற சொற்கள் வாய்ப்பைக் கூட்டின. ‘நல்ல’, ‘வகுப்பு’, ‘நிரலாக்கம்’ போன்றவை குறைத்தன. ‘நல்ல மாணவர்’ என்று அளந்து எழுதும் பேராசிரியரிடம் படித்தவருக்கு அது பாதகம். பராமரிப்பது கடினமாகிவிட்டது என்று சொல்லி 2020 இல் துறை அதைக் கைவிட்டது.

இந்த இரண்டு உதாரணங்களிலும் இருக்கும் அடிப்படைச் சிக்கலை நான்கு படியாகப் பார்க்கலாம்.

1. மாடலுக்கு ஓர் இலக்கு வேண்டும். ‘நல்ல மாணவர்’ என்பது இலக்காக முடியாது, அதற்கு எண் இல்லை. ஆகவே கையில் இருக்கும் எண்ணை இலக்காக வைக்கிறார்கள்: முன்பு குழு ஏற்றதா, முதலாண்டு மதிப்பெண் என்ன, பட்டம் பெற்றாரா.

2. குழுவின் பழைய முடிவை இலக்காக வைத்தால், மாடல் குழுவைத்தான் கற்கும், மாணவரை அல்ல. குழுவோடு 95 சதவீதம் ஒத்துப்போகிறது என்பதற்கு, குழு செய்த தவறுகளையும் சேர்த்துச் செய்கிறது என்றே பொருள்.

3. சரி, குழுவை விடுவோம், பட்டம் பெற்றாரா என்பதை இலக்காக வைப்போம் என்றால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. சேர்க்கப்பட்டவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பது மட்டும்தான் பதிவேட்டில் உண்டு. நிராகரிக்கப்பட்டவர் சேர்ந்திருந்தால் எப்படிப் படித்திருப்பார் என்பதற்குத் தரவே கிடையாது. ஒரு குறிப்பிட்ட வகைப் பள்ளியிலிருந்து பத்தாண்டாக யாரையும் எடுக்கவில்லை என்றால், அந்தப் பள்ளி மாணவர்களைப் பற்றி மாடலுக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்று அது சொல்லாது, ஏதோ ஓர் எண்ணைச் சொல்லும்.

4. பாலினம், இனம் போன்ற பத்திகளை நீக்கிவிட்டோம் என்பது போதாது. அஞ்சல் குறியீடு, பள்ளியின் பெயர், கலந்துகொண்ட போட்டிகள், எழுத்து நடை எல்லாம் அதே தகவலை மறைமுகமாகச் சுமக்கின்றன.

மூன்றாவது படியைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மற்ற குறைகளைச் சோதனையில் கண்டுபிடித்துவிட முடியும். இந்தக் குறை சோதனையிலும் தெரியாது, ஏனென்றால் சோதிக்கப் பயன்படும் தரவிலும் அதே ஆட்கள் இல்லை.

கட்டுரைகள்: எழுதுவதும் எந்திரம், படிப்பதும் எந்திரம்

கட்டுரையில் மாணவரின் குணம் தெரியும் என்ற நம்பிக்கை பழையது. அதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. 2023 இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பதாரர்கள் தங்கள் பாடத்துக்கு வெளியிலான ஈடுபாடுகளைப் பற்றி எழுதியவற்றை ஒரு மொழி மாடல் படித்தது. தலைமைப் பண்பு, விடாமுயற்சி போன்ற ஏழு குணங்களுக்கு அது போட்ட மதிப்பெண்கள், மனிதர்கள் போட்டவற்றோடு பெரும்பாலும் ஒத்துப்போயின. ஆறு ஆண்டுக்குள் பட்டம் பெறுவதோடும் அவற்றுக்குத் தொடர்பு இருந்தது. ஆனால் அந்தக் கட்டுரைகளை எழுதிய மாணவர்களுக்குத் தங்களை ஒரு மாடல் படிக்கப்போகிறது என்று தெரியாது. அது தெரிந்துவிட்டால், விடாமுயற்சியைக் காட்டும் வாக்கியம் எது என்று பயிற்சி வகுப்புகள் சொல்லிக்கொடுக்கும்.

இன்னோர் ஆய்வு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு 2016 இல் விண்ணப்பித்த சுமார் 60,000 பேரின் ஏறத்தாழ 2,40,000 கட்டுரைகளை எடுத்துக்கொண்டது. கட்டுரையின் பொருளுக்கும் நடைக்கும் குடும்ப வருமானத்தோடு இருந்த தொடர்பு, அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு மதிப்பெண்ணுக்கும் வருமானத்துக்கும் இருந்த தொடர்பைவிட வலுவாக இருந்தது. தேர்வு மதிப்பெண் பணக்காரர்களுக்குச் சாதகம், ஆகவே கட்டுரையைப் பார்ப்போம் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாணவர் ஏஐயை வைத்து எழுதினாரா என்று கண்டுபிடிக்கும் கருவிகளின் நிலைமை இன்னும் மோசம். ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவி, ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தை மட்டுமே சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அந்த நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டு ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக 61 சதவீதத்தை அந்தக் கருவிகள் ஏஐ எழுதியது என்று முத்திரை குத்தின. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் அந்தத் தவறு மிகக் குறைவு. காரணம் எளிது: பின்னால் கற்ற மொழியில் எழுதுபவர் பழகிய சொற்களையும் எளிய வாக்கியங்களையும் பயன்படுத்துகிறார். அடுத்த சொல் எது என்று எளிதில் ஊகிக்க முடிகிற எழுத்தைக் கருவி எந்திரத்தின் எழுத்தாக எடுத்துக்கொள்கிறது.

தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதி வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் இந்த வலையில் நேராக விழக்கூடியவர். வரைவுகளைத் தேதியோடு சேமித்து வைப்பது அவருக்கு இருக்கும் ஒரே உறுதியான பாதுகாப்பு. கைக்குறிப்பு, முதல் வரைவு, திருத்தம் எல்லாம் இருந்தால் குற்றச்சாட்டு வரும்போது காட்டலாம்.

மொத்தத்தில் சரி, ஆளுக்குத் தவறு

2020 இல் தொற்றுக்காலத்தில் இங்கிலாந்தில் ஏ-லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வுகள் நடக்கவில்லை. பல்கலைக்கழக இடங்களோ அந்தத் தரங்களை நம்பி இருந்தன. ஆசிரியர்கள் கொடுத்த தரங்களை அப்படியே ஏற்றால் தரம் வீங்கிவிடும் என்று, தேர்வுகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்குவால் அமைப்பு ஒரு புள்ளியியல் மாடலை வைத்தது. அந்தப் பள்ளி முந்தைய ஆண்டுகளில் எப்படித் தேர்ச்சி பெற்றதோ அந்த அளவுக்குள் இந்த ஆண்டு மாணவர்களைப் பொருத்தியது மாடல்.

ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தது. ஆசிரியர் கொடுத்த தரங்களில் சுமார் 39 சதவீதம் குறைக்கப்பட்டிருந்தது. எந்த ஆண்டும் உயர்தரம் எடுக்காத பள்ளியில் இந்த ஆண்டு ஒரு கெட்டிக்கார மாணவி இருந்தால், அவருக்கான உயர்தரமே அந்தப் பள்ளியின் கணக்கில் இல்லை. மாணவர் எண்ணிக்கை மிகக் குறைந்த வகுப்புகளில் புள்ளியியல் செல்லாது என்பதால் ஆசிரியர் தரமே நின்றது. அப்படிச் சிறிய வகுப்புகள் தனியார் பள்ளிகளில்தான் அதிகம். மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். நான்கே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, அரசு பின்வாங்கி ஆசிரியர் தரங்களையே ஏற்றது.

அது கற்கும் ஏஐ அல்ல, விதிப்படி இயங்கிய புள்ளியியல்தான். ஆனாலும் பாடம் ஒன்றே. நாடு முழுவதற்குமான மொத்தத் தரப் பரவல் முந்தைய ஆண்டைப் போலவே அழகாக அமைந்தது. ஒவ்வொரு மாணவரின் உழைப்பையும் அவருக்கு முன் படித்தவர்களின் வரலாறு தீர்மானித்தது. போராட்டம் வென்றதற்கும் ஒரு காரணம் உண்டு: எல்லோருக்கும் ஒரே நாளில் முடிவு வந்தது, ஆசிரியர் என்ன தரம் கொடுத்தார் என்பதோடு ஒப்பிட முடிந்தது. கல்லூரி ஒவ்வொன்றும் தனித்தனி மாடல் வைத்து, தனித்தனி நாளில், எந்த எண்ணையும் காட்டாமல் முடிவு சொன்னால் அப்படி ஒன்றுசேர வழியே இருக்காது.

சட்டங்கள் எங்கே நிற்கின்றன

ஐரோப்பா இதில் முன்னால் இருக்கிறது. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு, முழுக்க எந்திரமே எடுக்கும் முக்கிய முடிவுகளுக்குத் தன்னை உட்படுத்தாமல் இருக்கும் உரிமையைத் தருகிறது. ‘முழுக்க’ என்ற சொல்லில் ஓட்டை இருந்தது. கடைசியில் ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டால் பிரிவு பொருந்தாது என்று வாதிடலாம். 2023 டிசம்பரில் கடன் பெறும் தகுதிக்கான மதிப்பெண் பற்றிய வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், முடிவெடுப்பவர் அந்த எண்ணையே பெரிதும் சார்ந்திருந்தால் எண்ணைக் கணக்கிடுவதே எந்திர முடிவுதான் என்று கூறியது. வழக்கு வங்கிக் கடனைப் பற்றியது என்றாலும், சேர்க்கை மதிப்பெண்ணுக்கும் அதே தர்க்கம் பொருந்தும் என்பது என் வாசிப்பு.

2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், கல்வி நிறுவனங்களில் சேர்க்கையை முடிவு செய்யும் அமைப்புகளை உயர் ஆபத்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. தரவின் தரம், பதிவேடு, மனிதக் கண்காணிப்பு ஆகியவை அவற்றுக்குக் கட்டாயமாகும். கல்வி நிலையங்களில் முகத்தையோ குரலையோ வைத்து உணர்ச்சியைக் கணிப்பது, மருத்துவம், பாதுகாப்பு தவிர மற்ற காரணங்களுக்குத் தடை செய்யப்பட்டுவிட்டது. வீடியோ நேர்காணலில் முகபாவத்துக்கு மதிப்பெண் போடும் கருவிகளுக்கு அங்கே இனி இடமில்லை.

பிரான்சில் தேசியச் சேர்க்கைத் தளமான பார்கூர்சூப்பில், விண்ணப்பங்களை வரிசைப்படுத்தப் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் உள்ளூர்க் கணக்குகள் ரகசியமாக இருந்தன. மாணவர் சங்கம் வழக்குப் போட்டது. 2020 ஏப்ரல் 3 அன்று அரசியல் சாசன மன்றம், எந்த அளவுகோல்களை வைத்து மதிப்பிட்டார்கள், அல்காரிதம் எந்த அளவுக்குப் பயன்பட்டது என்பதைச் சேர்க்கை முடிந்த பின்பாவது வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

கல்லூரியிடம் கேட்க வேண்டியவை

‘இறுதி முடிவு மனிதர் கையில்தான்’ என்ற பதில் எல்லாக் கல்லூரியிலும் கிடைக்கும். அந்த மனிதருக்கு ஒரு விண்ணப்பத்துக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது, தன் கருத்தை எழுதும் முன்பே எந்திரத்தின் எண்ணைப் பார்க்கிறாரா என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு. எண்ணை முதலில் பார்த்துவிட்டால் மனம் அதை ஒட்டியே நகரும். வர்ஜீனியா டெக் போல இருவரும் தனித்தனியே மதிப்பெண் போட்டு, வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆளிடம் போகும் முறை, இந்த வகையில் பரவாயில்லை. அதன் பிறகும் கேட்க வேண்டியவை இருக்கின்றன:

1. மாடலின் இலக்கு என்ன? பழைய குழுவின் முடிவா, முதலாண்டு மதிப்பெண்ணா, பட்டம் பெறுவதா, கட்டண வருமானமா?

2. சேர்க்கை மதிப்பீடும் உதவித்தொகைக் கணக்கும் ஒரே தரவைப் பகிர்கின்றனவா? இணையதளத்தில் நான் உலவிய விவரம் அந்தத் தரவில் இருக்கிறதா?

3. நிராகரித்தால் காரணம் எழுத்தில் கிடைக்குமா, யாரிடம் முறையிடலாம்?

4. ஏஐ எழுதியது என்ற சந்தேகம் வந்தால் கருவியின் முடிவு மட்டுமே ஆதாரமா, மாணவர் தன் வரைவுகளைக் காட்ட வாய்ப்பு உண்டா?

5. எந்திரம் கடைசியில் தள்ளிய விண்ணப்பங்களை யாராவது படிக்கிறார்களா?

ஐந்தாவது கேள்விக்கு ஒரு நடைமுறை இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் மாடல் கீழே தள்ளியவற்றிலிருந்து குலுக்கல் முறையில் இருநூறு விண்ணப்பங்களை எடுத்து, எந்திரத்தின் எண் தெரியாத இரண்டு பேரிடம் முழுதாகப் படிக்கக் கொடுக்க வேண்டும். அவர்கள் தகுதி உண்டு என்று சொல்பவர்களைச் சேர்த்துக்கொண்டு, அடுத்த நான்காண்டு அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பதிவு செய்ய வேண்டும். ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றி எந்தப் பயிற்சித் தரவிலும் இல்லாத தகவல் அப்போதுதான் முதல்முறையாக உருவாகும்.